எதிர்ப்பு சக்தியை ஏற்றினால் லுகேமியா இறங்குமா?

கேள்வி: ஆற்காடு வாசகர், 2025 ஏப்ரல் 8

மாமாவுக்கு 46 வயது. ஏஎம்எல் வகை லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய். கீமோ முடிந்து ரெமிஷனில் (நோய் அடங்கிய நிலையில்) இருக்கிறார். அடுத்து பிஎம்டி (எலும்பு மஜ்ஜை மாற்று) செய்யச் சொல்கிறார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் இந்த நோயே வந்தது, அதை இயற்கையாக ஏற்றிவிட்டால் பிஎம்டியே வேண்டாம் என்று சொந்தக்காரர் ஒருவர் சீந்தில், நிலவேம்பு, பப்பாளி இலைச் சாறு என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஏப்ரல் 8, இரவு

கொடுக்காதீர்கள். விளக்கம் நாளைக்கு.

ஏப்ரல் 9

நேற்று கடை மூடுகிற அவசரத்தில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை, குடியாத்தத்தில் லுங்கிக் கடை. என் தங்கைக்கு 2019ல் இதே ஏஎம்எல், இதே பிஎம்டி, டோனர் நான். என் தகுதி அவ்வளவுதான்.

எதிர்ப்பு சக்தி என்பது மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் மாதிரி, குறைந்தால் மோட்டார் போட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் லுகேமியா பிறக்கிற இடமே அந்த எதிர்ப்பு சக்திக்கு ஆள் தயாராகும் மஜ்ஜைதான். ஏஎம்எல்லில் வெள்ளை அணுவாக வளர வேண்டிய குஞ்சு அணு வளராமல், வேலையும் கற்றுக்கொள்ளாமல், பெருகுவதை மட்டும் விடாமல் செய்கிறது. ரிப்போர்ட்டில் பிளாஸ்ட் என்று போட்டிருப்பார்களே, அதுதான். என் தங்கைக்குக் கண்டுபிடித்த அன்று வெள்ளை அணு 84,000. சாதாரணமாக 11,000க்குள் இருக்க வேண்டியது. எண்ணிக்கை ஏறித்தான் இருந்தது, ஏறி என்ன பிரயோஜனம்?

கிருமி என்றால் வெளியாள், உடம்பு பார்த்ததும் பிடித்துக்கொள்ளும். இது வீட்டுப் பிள்ளை. அதே முகம், அதே குரல். காவலுக்கு நிற்பவன் தினமும் வணக்கம் போட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருப்பான். அவனுக்குக் கஷாயம் கொடுத்தால் இன்னும் பலமாக வணக்கம் போடுவான், அவ்வளவுதான்.

ஏப்ரல் 9, மறுபடியும்

ஆபரேஷன் எத்தனை மணி நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபரேஷனே கிடையாது. நோயாளிக்கு ஒரு வாரம் கடுமையான கீமோ கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்வார்கள், பிறகு டோனரின் ஸ்டெம்செல்லை (எல்லா ரத்த அணுவுக்கும் தாயான அணு) ரத்தம் ஏற்றுகிற மாதிரியே குழாய் வழியாக ஏற்றுவார்கள். அந்த நாள்தான் டே ஜீரோ. இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கும் முறையும் உண்டு, எனக்கு ரத்தத்திலிருந்தே பிரித்து எடுத்தார்கள்.

அதற்கு ஐந்து நாள் ஜிசிஎஸ்எஃப் ஊசி. மஜ்ஜையில் உட்கார்ந்திருக்கும் ஸ்டெம்செல்லை ரத்தத்துக்குக் கிளப்பிவிடுகிற ஊசி அது. எனக்கு மூன்றாவது ஊசி 2019 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தேதி நினைவிருக்கும், ஏப்ரலில் ரத்தான வேலூர் எம்பி தேர்தல் நடந்த நாள். இடுப்பெலும்பு உள்ளுக்குள்ளே பல்வலி மாதிரி தெறிக்கிறது, வரிசையில் நிற்க முடியாமல் முன்னால் நின்ற பாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓட்டுப் போட்டேன். புதன்கிழமை மெஷினில் படுக்க வைத்தார்கள். ஒரு கையில் ரத்தம் போகும், மறு கையில் திரும்பி வரும், நாலரை மணி நேரம். நடுவில் உதடெல்லாம் விறுவிறுவென்று மரத்தது. ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற திரவம் கால்சியத்தை இழுப்பதால் அப்படி ஆகுமாம், கால்சியம் கொடுத்ததும் சரியானது. சாயந்திரம் ஒரு பை. மிளகு ரசத்தில் தக்காளி கொஞ்சம் கூடினால் என்ன நிறமோ அந்த நிறம். இதற்கா இவ்வளவு என்று இருந்தது.

ஏப்ரல் 12

நான் முதல் நாள் எழுதியதையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. "அப்படியானால் எதிர்ப்பு சக்திக்கும் லுகேமியா குணமாவதற்கும் சம்பந்தமே இல்லையா அண்ணே" என்று கேட்டீர்கள். இருக்கிறது. நிறையவே இருக்கிறது. சொல்லப்போனால் பிஎம்டியின் சூட்சுமமே அதுதான், ஆனால் சக்தி நோயாளியுடையது இல்லை.

டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்ன கதை இது. டொனால் தாமஸ் என்ற அமெரிக்க டாக்டர் (1990ல் நோபல் வாங்கியவர்) 1950களில், இரட்டையரில் ஒருவருக்கு லுகேமியா வந்தால் மற்றவரின் மஜ்ஜையை எடுத்து வைத்துப் பார்த்தார். அச்சில் வார்த்த இரட்டையர், நூற்றுக்கு நூறு பொருத்தம், உடம்பு ஒரு சண்டையும் போடாமல் ஏற்றுக்கொண்டது. சில மாதத்தில் லுகேமியா திரும்பி வந்துவிட்டது. பின்னால் நிறையப் பேரைக் கணக்கெடுத்துப் பார்த்தபோதும் அப்படித்தான்: இரட்டையரிடம் வாங்கியவர்களுக்கு ரிலாப்ஸ் (நோய் திரும்புவது) அதிகம், கூடப்பிறந்த அண்ணன் தம்பி அக்கா தங்கையிடம் வாங்கியவர்களுக்குக் குறைவு. டோனரின் டி செல்லை (வேற்றாளைக் கண்டுபிடித்துக் கொல்லும் வெள்ளை அணு) முன்கூட்டியே வடிகட்டி எடுத்துவிட்டு ஏற்றியபோதும் ரிலாப்ஸ் கூடியது. அதாவது கீமோ மட்டும் நோயை ஒழிக்கவில்லை, புதிதாக வந்த காவல்காரன் கொஞ்சம் அந்நியனாக இருந்ததால், பழையவன் வணக்கம் போட்டு அனுப்பியவனை இவன் "யார்ரா நீ" என்று பிடித்துவிட்டான்.

மாற்று செய்தபின் நோய் திரும்பிய சிலருக்கு அதே டோனரின் லிம்போசைட்டை (டி செல்லும் சேர்ந்த வெள்ளை அணு வகை) மட்டும் மறுபடி ஏற்றி, லுகேமியாவில் சிஎம்எல் என்ற நாள்பட்ட வகையில் நோயை மறையச் செய்திருக்கிறார்கள். 1990ல் ம்யூனிக் டாக்டர்கள் எழுதியது. கீமோ இல்லாமல் அணுவே மருந்து.

ஆக உங்கள் சொந்தக்காரர் பாதி சரி. மாற்றுக்குப் பிறகு லுகேமியாவை அடக்குவதில் எதிர்ப்பு சக்திக்குப் பங்கு உண்டு, ஆனால் அது டோனருடையது. மாமாவுடையது குறைந்ததால் நோய் வரவில்லை, அது இந்த நோயை வெளியாள் என்று அடையாளம் காணவில்லை.

ஏப்ரல் 13

அந்த அந்நியன் லுகேமியாவை மட்டும் பார்த்து முறைத்தால் பரவாயில்லை. தோல், ஈரல், குடல் எல்லாமே அவனுக்குப் புது ஊர்தான். அங்கேயும் கை வைத்தால் அதற்குப் பெயர் ஜிவிஹெச்டி. அதனால்தான் சைக்ளோஸ்போரின் மாதிரி மாத்திரை கொடுத்து அவனைப் பிடித்து வைக்கிறார்கள். கயிறு ரொம்ப இறுகினால் கிருமி வரும், லுகேமியாவும் எட்டிப்பார்க்கும். தளர்ந்தால் அவனே கடிப்பான். மாதக்கணக்கில் டாக்டர்கள் செய்வது அந்தக் கயிற்றை இழுப்பதும் விடுவதும்தான்.

இப்போது நான் செய்த காரியம். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

டே 45 வாக்கில், டிஸ்சார்ஜ் ஆகி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் வாடகை அறையில் இருந்தோம். ரத்த அணு கவுண்ட் (எண்ணிக்கை) நன்றாக ஏறிவிட்டது, ஆனால் தங்கை துவண்டு கிடந்தாள், இரண்டு இட்லி இறங்குவதற்கு ஒரு மணி நேரம். ஊரிலிருந்து ஒருவர் சீந்தில் தண்டு காய வைத்து இடித்த பொடி கொடுத்தனுப்பினார். எதிர்ப்பு சக்திக்கு அமிர்தம் என்றார். டாக்டரிடம் கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனாலேயே கேட்கவில்லை. மூன்று நாள் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிய ஆரம்பித்தன, முதுகெல்லாம் தடிப்பு, ஈரல் டெஸ்ட் எண்கள் மேலே. "வெளியில் ஏதாவது கொடுத்தீர்களா" என்று டாக்டர் கேட்டபோது முதல் தடவை இல்லை என்றேன். இரண்டாவது தடவை கேட்டபோது பொடியை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் திட்டவில்லை. ஜிவிஹெச்டி இந்தப் பொடி இல்லாமலும் இந்த நாட்களில் வரக்கூடியதுதான், ஆனால் ஈரல் எண் ஏறியது எதனால் என்று நான் இப்போது இரண்டு இடத்தில் தேட வேண்டும் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

வைத்தியம் ஸ்டீராய்டு. நான் எதை ஏற்றப் பார்த்தேனோ அதை இறக்குவதற்கு ஊசி.

ஏப்ரல் 14

தங்கை இதைப் படித்துவிட்டாள். சித்திரை ஒன்றும் அதுவுமாகப் போன் போட்டு, "அண்ணா, மூன்று நாள் இல்லை, ஒன்பது நாள், எட்டாவது நாள் நான் குடிக்க மாட்டேன் என்றதற்குத் தேன் கலந்து கொடுத்தாய்" என்கிறாள். ஒன்பது நாள். திருத்திக்கொள்கிறேன். தேனும் அந்த நேரத்தில் கொடுக்கக் கூடாத பொருள் என்பது தனிக்கதை.

ஏப்ரல் 17

பப்பாளி இலைச் சாறு பற்றி. டெங்குவில் கொடுத்து பிளேட்லெட் ஏறியது என்று எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. டெங்குவில் தொழிற்சாலை நன்றாக இருக்கும், கொஞ்ச நாளில் தானாகவே ஏறும். இங்கே தொழிற்சாலையையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குத் தேவை இலைச் சாறு இல்லை, எஸ்டிபி (ஒரே ஆளிடமிருந்து மெஷினில் பிரித்தெடுக்கும் பிளேட்லெட்) கொடுக்க ஆட்கள். எடுத்த பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, அதனால் முன்கூட்டியே சேர்த்து வைக்கவும் முடியாது. நண்பர்கள், தெருக்காரர்கள் பத்துப் பேரின் நம்பரை இப்போதே எழுதி வையுங்கள். டோனராக வாய்ப்புள்ள ரத்த சொந்தம் யாரும் மாற்றுக்கு முன்னால் மாமாவுக்கு ரத்தம் கொடுக்க வேண்டாம், ஆர்வத்தில் முதல் ஆளாக ஓடுவது அவர்கள்தான்.

இன்னொன்று, இது என் தப்பு இல்லை, யார் தப்பும் இல்லை. பக்கத்து அறையில் ஒரு வங்காள அம்மா, கணவரின் வைத்தியத்துக்கு வந்தவர். எங்கள் வேலூரில் பாதி லாட்ஜ் போர்டு வங்காளத்தில்தான் இருக்கும் என்பது வந்து போனவர்களுக்குத் தெரியும். அவர் பாசமாகப் பெரிய பழம் ஒன்றை உரித்துக் கொடுத்தார், பாதாபி லேபு என்றார். தடித்த தோல், உரித்துத் தின்பது, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுப் பட்டியல்படி அனுமதி உள்ள ஜாதிதான். நம்ம பம்பளிமாஸ். அது சைக்ளோஸ்போரினை ரத்தத்தில் ஏற்றிவிடும், மாத்திரை அதே அளவு இருக்க மருந்து மட்டம் எகிறும். மருந்துக்கடை அக்கா பையில் பழத்தைப் பார்த்துவிட்டுத்தான் தடுத்தார். இயற்கை, பழம், பக்கவிளைவில்லாதது, இந்த மூன்று வார்த்தையும் எனக்கு அன்றோடு பயன்படாமல் போயின.

ஏப்ரல் 18

"பாஷாணத்திலேயே லுகேமியா குணமாகிறதே, அது சித்தர் மருந்துதானே" என்று ஒருவர் பாய்ந்திருக்கிறார். பாய்ந்ததில் விஷயம் இருக்கிறது. ஏபிஎம்எல் என்று ஏஎம்எல்லில் ஒரு தனி வகை. அதற்கு ஆர்செனிக் ட்ரையாக்சைடு, அதாவது வெள்ளைப் பாஷாணம்தான், அருமையாக வேலை செய்கிறது. 1970களில் சீனாவில் ஹார்பின் நகரத்து டாக்டர்கள் ஆரம்பித்தது, நம்ம வேலூர் சிஎம்சியில் 1990களின் கடைசியிலிருந்து அதை மட்டுமே கொடுத்துக் குணப்படுத்தி உலகத்துக்கு எழுதிக் காட்டினார்கள். ஆனால் அது எதிர்ப்பு சக்தியை ஏற்றுவதில்லை. வளராமல் நின்ற குஞ்சு அணுவில் கோளாறான புரதத்தை உடைத்து, அணுவை வளர வைத்து, ஆயுசு முடிந்து சாக வைக்கிறது. மில்லிகிராம் கணக்கில், நரம்பு வழியாக, இதயத் துடிப்பை இசிஜியில் பார்த்துக்கொண்டே கொடுப்பது. கேள்வி கேட்டவரின் மாமாவுக்கு அந்த வகை இல்லை என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது, எனவே பாஷாணத்தை இங்கேயே கீழே வைத்துவிடலாம்.

ஏப்ரல் 18, ராத்திரி

சொந்த அணுவுக்கே பாடம் நடத்த முடியாதா என்று கேட்டவருக்கு: முடிகிறது. கார்-டி. நோயாளியின் டி செல்லை எடுத்து, லுகேமியாவின் முகத்தை அடையாளம் காட்டும் கருவியைப் பொருத்தித் திருப்பி அனுப்புவது. ஐஐடி மும்பையும் டாடா ஆஸ்பத்திரியும் சேர்ந்து செய்த நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஆனால் பி செல் என்ற இன்னொரு வெள்ளை அணுவில் வரும் புற்றுநோய் வகைகளுக்கு மட்டும், ஏஎம்எல்லுக்கு இல்லை.

மே 2

எல்லாம் வேண்டாம் வேண்டாம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவா என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். நியாயம். நானும் அந்தக் கோபத்தில்தான் பொடியை இடித்தேன். சும்மா இருப்பதுதான் நோயாளிக்குத் துணையிருக்கும் அட்டெண்டருக்குப் பெரிய தண்டனை.

வாய். தினமும் நாலைந்து தடவை வாய் கொப்பளிக்க வைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. கீமோவில் வாய்ப்புண் வந்தால் எச்சில் விழுங்குவதே சித்திரவதை, அந்தப் புண் வழியாகத்தான் வாயில் இருக்கும் கிருமி ரத்தத்துக்குள் போகும். நடை. அறைக்குள்ளேயே ஜன்னலிலிருந்து கதவு வரை, எண்ணி எண்ணி. படுத்தே கிடந்தால் கால் தசை கரைந்துவிடும். சாப்பாடு, சமைத்தவுடன், சூடாக. முழுக்க வெந்த முட்டை, பருப்பு, குக்கரில் வெந்த காய். ஆப்பாயில் இல்லை, பச்சைச் சட்னி இல்லை, ஊறுகாய் இல்லை, நேற்றைய குழம்பு இல்லை. டே 12ல் வாயெல்லாம் புண்ணாக இருக்கும்போது ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் கேட்டாள் என் தங்கை. எழுதிக் காட்டினாள், பேச முடியாது. இதையெல்லாம் எதிர்ப்பு சக்தியை ஏற்றுவது என்று சொல்ல மாட்டேன், புது அணு வந்து சேரும் வரை உடம்பு தாக்குப்பிடிப்பதற்கு. அதுவே பெரிய வேலை.

தூசு. கட்டட வேலை நடக்கிற தெருவில் அறை எடுக்காதீர்கள், தூசியில் பூஞ்சை. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று கேலி பேசும் ஊரில் தூசியில்லாத தெருவைத் தேடி நான் மூன்று நாள் அலைந்தேன்.

அப்புறம் காய்ச்சல். இதை மட்டும் தடித்த எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். 100.4 காட்டினால் நிலவேம்பு இல்லை, வெந்நீர் ஒத்தடம் இல்லை, காலையில் பார்க்கலாம் இல்லை, நேரே ஆஸ்பத்திரி. ஏஎன்சி (கிருமியோடு முதலில் மோதும் வெள்ளை அணுவின் எண்ணிக்கை) 500க்குக் கீழே இருக்கிறவருக்குக் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். சீழ் பிடிக்கக்கூட வெள்ளை அணு வேண்டுமே! மூன்றாவது மாதம் ஊருக்கு வந்திருந்தபோது ராத்திரி ஒன்றரை மணிக்குத் தங்கைக்கு 101. குடியாத்தத்திலிருந்து வேலூர் 35 கிலோமீட்டர் போல இருக்கும். அன்றைக்கு அது எவ்வளவு தூரம் என்று எனக்குத்தான் தெரியும்.

மே 3

நேற்று எழுதியதில் விட்டது: மாற்றுக்குப் பிறகு லிம்போசைட்டில் முதலில் என்கே செல் என்ற வகை வரும், ஒரு மாதத்துக்குள். டி செல்லும் பி செல்லும் சரியாக வர ஒரு வருடம், சிலருக்கு மேலும். கவுண்ட் நார்மல் என்று பேப்பரில் பார்த்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். 6,000 என்று போட்டிருக்கும், அதில் பாதி அனுபவமில்லாத புது ஆட்கள்.

சின்ன வயதில் போட்ட தடுப்பூசியும் பெரும்பாலும் அழிந்துபோகும். தங்கை மறுபடியும் முதலிலிருந்து போட்டுக்கொண்டாள், அவள் பையன் பள்ளிக்கூடத்தில் பூஸ்டர் போட்ட வருடம். அம்மை மாதிரி உயிருள்ள தடுப்பூசி மட்டும் இரண்டு வருடம் தாண்டி, எதிர்ப்பை அடக்கும் மாத்திரை எல்லாம் நின்றபிறகு. எதிர்ப்பு சக்தியை ஏற்றுகிற சாமான் ஒன்று உண்மையிலேயே வேண்டுமென்றால் அது இதுதான், டாக்டர் சொல்லும் தேதியில். 2020 மார்ச்சில் ஊரே மாஸ்க் போட்டுத் தெருத்தெருவாகக் கபசுரக் குடிநீர் கொடுத்தபோது அவள் ஜன்னலில் நின்று சிரித்தாள், ஏழு மாதமாக மாஸ்க்கில் இருக்கிறவள்.

மே 16

நேற்று எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கிளம்பிய சிரசு கூட்டத்தில் மிதந்து கோபாலபுரம் கோயிலுக்குப் போய்ச் சேர, அங்கே உடம்போடு பொருத்தினார்கள். ரேணுகாவின் தலையை இன்னொருத்தியின் உடம்பில் வைத்து உயிர்ப்பித்த கதைதானே. தங்கை பத்தடி தள்ளி நிழலில் நின்று, "இவளுக்கு மேட்ச் பார்த்தார்களா" என்று காதில் கேட்டாள். கோயில் வாசலில் சிரித்து அம்மாவிடம் அடி வாங்கினேன், இந்த வயதில்.

அவள் பி பாசிட்டிவாகப் பிறந்தவள், இப்போது என்னுடைய ஓ பாசிட்டிவ். மாறுவதற்குச் சில மாதம் ஆனது. ரத்தத்தில் குரோமோசோம் பார்த்தால் ஆண் என்று வரும், டே 30 டெஸ்ட்டில் என் அணு நூற்றுக்கு நூறு என்று தெரிந்ததே அப்படித்தான். என் கோபமும் ஒட்டிக்கொண்டது என்கிறாள், அது பிறவியிலேயே அவளிடம் இருந்தது.

மே 29

மேட்ச் பார்க்கக் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. கூடப்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. யாரும் பொருந்தாவிட்டாலும் கதவு மூடவில்லை, பிள்ளையோ பெற்றவரோ பாதிப் பொருத்தத்தில் கொடுக்கலாம், ஏற்றிய மூன்றாம் நாலாம் நாளில் ஒரு கீமோ மருந்து கொடுத்து முரட்டு டி செல்லை மட்டும் தட்டி வைக்கும் முறை வந்திருக்கிறது.

ஜூன் 11

மாமாவின் அக்கா முழுப் பொருத்தமா! காலையில் படித்துவிட்டு லுங்கி எண்ணிக்கையில் நாலு தப்பு விட்டேன்.

டோனர் முன்னாடியே என்ன சாப்பிட்டால் அணு பலமாக இருக்கும் என்று அவர் கேட்கிறாராம். ஒன்றும் வேண்டாம், வழக்கமாக அவர் சாப்பிடுகிறதுதான், சீந்தில் உட்பட எந்தப் பொடியும் அவருக்கும் கிடையாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். எலும்பு வலிக்குப் பாராசிட்டமால், அதுவும் கேட்டுவிட்டு, ஆஸ்பிரின் வேண்டாம். மெஷினில் படுக்கப்போகும் முன் கழிவறை போய்வந்துவிடச் சொல்லுங்கள், நாலரை மணி நேரம் இரண்டு கையையும் அசைக்க முடியாது, மூக்கு அரித்தால்கூட யாராவது சொறிந்துவிட வேண்டும். எனக்குச் சொறிந்துவிட்டது அந்த வங்காள அம்மாவின் பையன்.